நாய்க்கால் ஏன் வீங்கவில்லை? நிணநீர் வீக்க அறுவை சிகிச்சையின் பின்கதை

மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் அக்குளின் நிணநீர் கணுக்களை (நிணநீர் நாளங்களின் வழியில் உள்ள சிறு முடிச்சுகளை) எடுக்க நேர்ந்த பெண்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்குப் பிற்பாடு அந்தப் பக்கத்துக் கை வீங்குகிறது. காரணம் கேட்டால் எளிய கணக்காகத்தான் தெரியும்: வடிகாலை எடுத்தாயிற்று, நீர் தேங்குகிறது. அப்படியென்றால் 5 பேருக்கும் வீங்க வேண்டுமே? வீங்கிய அந்த ஒருவருக்கும் மறு வாரமே வீங்காமல், ஒரு வருடமோ இரண்டு வருடமோ, சிலருக்குப் பத்து வருடமோ கழித்து வீங்குவது ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் முதலில் போனது விலங்குகளிடம். ஒரு நாயின் காலிலோ எலியின் காலிலோ இதே வீக்கத்தை உண்டாக்கிவிட்டால், அதன் மேல் புதிய அறுவை சிகிச்சைகளைச் செய்து பார்க்கலாம், எது தேறுகிறதோ அதை நோயாளிக்குக் கொண்டுவரலாம் என்பதுதான் திட்டம். திட்டத்தின் இரண்டாம் பாதி கடினமாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். முதல் பாதியே பல பத்தாண்டுகளை விழுங்கியது. விலங்கின் கால் வீங்க மறுத்தது. இந்தத் துறையின் கதையைப் புரிந்துகொள்ள, இன்று மருத்துவமனைகளில் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளின் பலனையும் எல்லையையும் புரிந்துகொள்ள, இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரத்தத் தந்துகிகளிலிருந்து நீரும் கொஞ்சம் புரதமும் எப்போதும் திசுக்களுக்குள் கசிந்துகொண்டே இருக்கின்றன. அதில் பெரும்பகுதி நேராகச் சிரைக்கே திரும்பிவிடுகிறது என்றுதான் நெடுங்காலம் பாடம் நடத்தினார்கள். இன்றைய புரிதல் வேறு: பெரும்பாலான திசுக்களில் கசிந்ததைத் திரும்பக் கொண்டுபோகும் வேலை நிணநீர் நாளங்களுடையது. அவற்றுக்குள் ஓடும் அந்த நீர்தான் நிணநீர். இந்த நாளங்கள் சும்மா கிடக்கும் குழாய்களும் இல்லை. சுவரில் தசை உண்டு, உள்ளே வால்வுகள் உண்டு, தாமாகச் சுருங்கி நீரை மேலே தள்ளும். அவை பழுதானால் நீரோடு புரதமும் தங்கிவிடும். அழற்சி தொடங்கும். நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து குவியும். நார்த்திசு வளரும், அப்புறம் கொழுப்பு சேரும். விரலால் அழுத்தினால் குழி விழும் கால், சில வருடங்களில் அழுத்தினாலும் குழி விழாத கெட்டிக் காலாக மாறுவது இப்படித்தான். அந்தக் கட்டத்தில் தேங்கிய நீரை மட்டும் வடித்துப் பயனில்லை. காலின் பருமனில் பெரும்பங்கு அப்போது கொழுப்பும் நாரும்தான்.

சரி, ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். நிணநீர் நாளங்களை மருத்துவ உலகுக்குக் காட்டிக் கொடுத்ததே ஒரு நாய்தான். 1622-ல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, சற்று முன்புதான் இரை தின்ற ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது, குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை வெள்ளையாக ஓடிய நாளங்களைக் கண்டார். அதற்கு 300 ஆண்டுகளுக்குப் பிறகு, 1934-ல், ஹார்வர்டைச் சேர்ந்த செசில் டிரிங்கரும் மேடலின் ஃபீல்டும் அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸும் நாயின் காலில் யானைக்கால் வீக்கத்தை வரவழைக்க முயன்றார்கள். நாளங்களை வெட்டினால் போதவில்லை. அவற்றுக்குள்ளேயே சிலிக்காத் துகளையும் குயினைன் கரைசலையும் திரும்பத் திரும்ப ஊசி வழியே செலுத்தி, நாளங்களின் உட்சுவரைப் புண்ணாக்கி, அடைத்துக்கொள்ளச் செய்தார்கள். அப்போதுதான் நாளாக ஆக ஆறாத வீக்கம் வந்தது. தேங்கிய நீரில் புரதம் மிகுந்திருந்தது. அந்த நாய்களுக்கு இடையிடையே குளிர் காய்ச்சலும் வந்தது, காய்ச்சல் வரும்போதெல்லாம் கால் சிவந்து வீக்கம் கூடியது. இந்தக் காய்ச்சலைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

வெறுமனே வெட்டினால் ஏன் போதவில்லை? 1962-ல் டனேஸி என்ற ஆய்வாளரின் குழுவினர் நாயின் முழங்கால் பின்புறத்து நிணநீர் நாளத்தை வெட்டிவிட்டுத் தொடர்ந்து கவனித்தார்கள். வெட்டிய முனைகளிலிருந்து புது நாளங்கள் முளைத்து, இடைவெளியைத் தாண்டி, மறுமுனையோடு சேர்ந்துகொண்டன. நிணநீர் நாளத்துக்கு அவ்வளவு வேகமாக மீண்டும் முளைக்கும் திறன் இருக்கிறது. முளைக்காவிட்டாலும் பக்கத்து நாளங்கள் விரிந்து சுமையை எடுத்துக்கொள்கின்றன. சிகிச்சை தேடிப் போனவர்களுக்கு முதலில் கிடைத்த பாடம், உடலே அந்தச் சிகிச்சையைப் பெரும்பாலும் செய்துகொள்கிறது என்பதுதான்.

ஆகவே இந்தத் திறனை முறியடிக்கும் அளவுக்கு அறுவை செய்ய வேண்டியதாயிற்று. போலந்தில் வால்டெமார் ஓல்ஷெவ்ஸ்கி, சூரிச்சில் லியோ கிளோடியஸ், மெல்போர்னில் பெர்னார்ட் ஓ'பிரையனின் குழு என்று பலர் நாயின் பின்னங்காலில் இதைச் செய்திருக்கிறார்கள். செய்முறை ஏறக்குறைய இப்படி இருக்கும். பாதத்தின் விரலிடுக்கில் நீலச் சாயத்தைச் செலுத்துவார்கள். நிணநீர் நாளங்கள் அதை உறிஞ்சி நீலக் கோடுகளாகத் தெரியும். தொடையில் தோலையும் அதன் அடியில் உள்ள கொழுப்பையும் சுற்றிலும் ஒரு பட்டையளவுக்கு முழுதாக அகற்றுவார்கள். தமனியையும் சிரையையும் ஒட்டி ஓடும் ஆழமான நாளங்களை, அந்த நீல நிறத்தைப் பார்த்துப் பார்த்து ஒன்றுவிடாமல் உரித்தெடுப்பார்கள். எலும்பு, தசை, ரத்தக் குழாய், நரம்பு தவிர காலின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் வேறு தொடர்பே இருக்காது. பிறகு தோலின் இரு விளிம்புகளையும் ஒன்றோடொன்று தைக்காமல் தசையோடு கீழே தைத்துவிடுவார்கள். தோல் சேர்ந்தால் அதன் வழியே நாளங்கள் முளைத்து வந்துவிடும் என்ற அச்சம்தான் காரணம். இத்தனைக்குப் பிறகும் பல நாய்களுக்கு வீக்கம் நிலைக்கவில்லை. அதனால் அறுவையோடு கதிர்வீச்சும் சேர்ந்தது. மெல்போர்ன் குழு 1981-ல் அப்படித்தான் ஒரு நடைமுறையை வகுத்தது. 1990-ல் எலியின் பின்னங்காலுக்கும் அதே வழி: கதிர்வீச்சும் அறுவையும் சேர்த்து.

இதைப் படிக்கும்போது அந்த நாய்களை நினைத்து மனம் சங்கடப்படாமல் இருக்க முடியாது. நடந்துதான் முடிந்துவிட்டது என்று ஒதுக்கவும் கூடாது. அவ்வளவு வலியைக் கொடுத்துப் பெற்ற முடிவுகளை நுனிப்புல் மேயாமல் சரியாகப் படிக்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

அப்படிப் படித்தால் எல்லாவற்றிலும் முக்கியமானதாக எனக்குப் படுவது ஓல்ஷெவ்ஸ்கியின் கவனிப்பு. அறுவை முடிந்ததும் நாயின் கால் வீங்கும். சில வாரங்களில் வடிந்துவிடும். கால் பார்க்கச் சாதாரணமாக இருக்கும், நாய் ஓடும், ஆடும். ஆனால் உள்ளே சாயம் விட்டுப் பார்த்தால் நாளங்கள் விரிந்திருக்கும், வால்வுகள் பழுதாகிக்கொண்டிருக்கும், சுவர் தடித்துக்கொண்டிருக்கும். இந்த மறைவுக் காலம் மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில் நீண்டது. பிறகுதான் போகாத வீக்கம் வந்தது. மார்பக அறுவைக்குப் பிறகு வருடங்கள் கழித்துக் கை வீங்கும் பெண்ணின் கதையும் இதேதான். வீக்கம் தொடங்கிய நாளில் நோய் தொடங்கவில்லை. கை சாதாரணமாக இருந்த மாதங்களில், மிச்சமிருந்த நாளங்கள் கூடுதல் சுமையை இழுத்து இழுத்து ஓய்ந்துபோயிருக்கின்றன. சிலருக்கு அந்த மிச்சம் ஆயுள் முழுக்கத் தாங்குகிறது. சிலருக்கு ஒரு தொற்றோ உடல் பருமனோ கதிர்வீச்சுத் தழும்போ வந்து கணக்கை முடித்துவிடுகிறது.

நாலு கால் பிராணிக்கு வீக்கம் நிலைக்காததற்கு வேறு காரணங்களும் உண்டு. நாம் நிமிர்ந்து நிற்கிறோம். கணுக்காலிலிருந்து நெஞ்சு வரை நீரைச் செங்குத்தாக ஏற்ற வேண்டும். நாய்க்கும் எலிக்கும் அந்த உயரம் இல்லை. அவற்றின் தோல் தளர்வானது, அடியிலேயே ஒரு தசைத் தகடு இருப்பதால் புண் சட்டென்று சுருங்கி மூடிக்கொள்ளும், தோல் மூடினால் நாளங்களும் சேர்ந்துவிடும். விதிவிலக்காக, யாரும் அறுவை செய்யாமலேயே நாள்பட்ட நிணநீர் வீக்கம் வரும் விலங்குகளும் இருக்கின்றன: ஷையர், கிளைடெஸ்டேல், பெல்ஜியன் போன்ற கனரக வண்டிக் குதிரைகள். அவற்றின் கீழ்க்கால்களில் தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகி, முடிச்சு முடிச்சாகப் புடைத்து, முற்றிய யானைக்காலை அப்படியே ஒத்திருக்கும். மனித நோயோடு இவ்வளவு பொருந்தும் இந்தக் குதிரைகளைப் பற்றி மருத்துவ உலகம் குறைவாகவே பேசுகிறது. சுண்டெலி மலிவு, குதிரை விலை அதிகம் என்பதைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

இன்று பெரும்பாலான ஆய்வு நடப்பது சுண்டெலியின் வாலில். வாலின் அடிப்பக்கத்தில் தோலை வளையமாக எடுத்து நாளங்களைத் துண்டித்தால் வால் வீங்கும். ஓரிரு வாரத்தில் உச்சத்துக்குப் போய், ஆறு எட்டு வாரங்களில் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். வீக்கத்துக்குப் பின்னால் உள்ள அழற்சி, நார்த்திசு, டி-செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களில் குறிப்பிட்ட சிலவற்றின் பங்கு ஆகியவை பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி இந்த வால்களிலிருந்து வந்தது. அதில் சந்தேகமில்லை. ஆனால் தானே வடியும் வீக்கத்தில் ஒரு மருந்து வேலை செய்தது என்றால், அது நோயைக் குணப்படுத்தியதா, தானே நடக்கவிருந்த குணத்தைக் கொஞ்சம் முன்னதாக்கியதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். 2017-ல் லியூக்கோட்ரையின் பி4 என்ற அழற்சிப் பொருளைத் தடுத்தால் சுண்டெலி வாலின் வீக்கம் குறைகிறது என்ற ஆய்வு பெரிய நம்பிக்கையைக் கிளப்பியது. அதே வழியில் செயல்படும் யூபெனிமெக்ஸ் மருந்தை நாள்பட்ட கால் வீக்க நோயாளிகளிடம் பரிசோதித்தார்கள். 2018-ல் வந்த முடிவில் பலன் தெரியவில்லை.

இனி அறுவை சிகிச்சைகள். பழைய அறுவைகள் எல்லாம் விலங்குகளிடம் கேட்டு வந்தவை என்று சொல்ல முடியாது. கல்கத்தாவில் பணியாற்றிய ஹேவ்லாக் சார்ல்ஸின் பெயரால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அறியப்படும் முறையில், தடித்த தோலையும் அடித் திசுவையும் முழுதாக வெட்டி எடுத்துவிட்டு மேலே தோல் ஒட்டுப் போடுவார்கள். பருமன் குறையும், கோரம் குறையாது. 1960-களில் அமெரிக்காவில் ஹாரி கோல்ட்ஸ்மித், குடலை மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வான வபையை நாய்களின் வீங்கிய காலுக்கு இறக்கிப் பார்த்துவிட்டு மனிதர்களிடமும் செய்தார். வபையின் நாளங்கள் காலின் நாளங்களோடு இணையும் என்பது எதிர்பார்ப்பு. நீண்ட கால முடிவுகள் ஏமாற்றம் தந்தன, வயிற்றைத் திறப்பதால் வரும் சிக்கல்கள் வேறு. அந்த அறுவை மெல்ல வழக்கொழிந்தது.

நிலைத்தவை இரண்டு. ஒன்று, நிணநீரைச் சிரைக்குத் திருப்பிவிடுவது. 1960-களில் போலந்தில் நீலுபோவிச்சும் ஓல்ஷெவ்ஸ்கியும் நிணநீர் கணுவைக் குறுக்கே வெட்டி, அந்த வெட்டு முகத்தைப் பக்கத்துச் சிரையோடு தைத்தார்கள். முதலில் நாய்களில், அப்புறம் நோயாளிகளில். நாளத்தையே நேராகச் சிரையோடு இணைக்கும் முயற்சிகளும் அதே பத்தாண்டில் ஆய்வுக்கூடங்களில் தொடங்கின. 1970-களில் ஓ'பிரையன் அதை நுண்ணோக்கியின் கீழ் மனிதர்களுக்குச் செய்தார். நாய்களில் இந்த இணைப்புகளில் பல, வாரங்களிலோ மாதங்களிலோ அடைத்துக்கொண்டன. காரணம் அழுத்தம். நாளத்துக்குள் அழுத்தம் சிரையைவிட அதிகமாக இருக்கும் வரைதான் நிணநீர் சிரைக்குள் போகும். நாயின் நிணநீருக்கு வேறு வழிகள் தாராளமாக இருப்பதால் இணைப்பில் ஓட்டம் குறைந்துவிடும், சிரையின் ரத்தம் பின்னோக்கி வந்து உறையும். மனிதக் காலிலும் அதே விதிதான். ஆகவே இன்று மருத்துவர்கள் பெரிய சிரைகளைத் தவிர்த்து, தோலுக்குச் சற்றுக் கீழே உள்ள அழுத்தம் குறைந்த மிகச் சிறு சிரைகளைத் தேடுகிறார்கள். ஜப்பானின் இசாவோ கோஷிமா 2000-ஆம் ஆண்டையொட்டி வளர்த்தெடுத்த முறை அது. விரலிடுக்கில் இண்டோசயனின் பச்சைச் சாயத்தைப் போட்டு, அகச்சிவப்புக் கேமராவில் நாளம் ஒளிர்வதைத் திரையில் பார்த்து, தோலில் பேனாவால் கோடு போட்டுக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறல். உள்ளே 0.8 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நாளத்தையும் சிரையையும், தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் முனையோடு முனை சேர்த்துத் தைக்கிறார்கள். தைத்து முடித்து இடுக்கியை எடுத்ததும், சிவப்பாக இருந்த சிறு சிரைக்குள் தெளிந்த நீர் ஏறி ரத்தத்தைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தால் இணைப்பு ஓடுகிறது என்று அர்த்தம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தைப்பதற்கு உயிருள்ள, சுருங்கக்கூடிய நாளம் மிச்சமிருக்க வேண்டும். சுவர் தடித்து உட்துளை மூடிப்போன பிறகு என்ன திறமையிருந்தும் பயனில்லை. நாயின் மறைவுக் காலத்தை இங்கே மறுபடி நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

மற்றொன்று நிணநீர் கணு மாற்று. 1979-ல் எலிகளில் கணுவை இடம் மாற்றி, நிணநீர் ஓட்டம் திரும்புவதைக் காட்டினார்கள். 1990-ல் ஓ'பிரையனின் குழு, கதிர்வீச்சும் அறுவையும் கொடுத்து வீங்க வைத்த நாய்க்கால்களுக்கு, ரத்தக் குழாயோடு சேர்த்துக் கணுக்களை மாற்றி வீக்கத்தைக் குறைத்தது. பின்னர் கனடாவில் செம்மறியாடுகளில் நடந்த சோதனை ஒரு முக்கியமான கேள்விக்கு விடை தந்தது: ரத்தக் குழாயை இணைத்து வைத்த கணு உயிரோடு வேலை செய்தது, வெறுமனே புதைத்த கணு அவ்வளவாகத் தேறவில்லை. விலங்கு ஆய்வு அறுவை மருத்துவருக்கு நேராகக் கைகொடுத்த தெளிவான இடம் இது. 2006-ல் பிரான்சின் கொரின் பெக்கர், இடுப்புக் கணுக்களை அக்குளுக்கு மாற்றிய 24 பெண்களின் முடிவுகளை வெளியிட்டார். 10 பேருக்குக் கை பழைய அளவுக்கு வந்தது, 12 பேருக்குக் குறைந்தது, 2 பேருக்கு மாற்றமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அறுவை செய்யாத குழு அதில் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டும். கணுவை எடுத்த இடத்தில் புதிதாக வீக்கம் வரும் அபாயமும் உண்டு.

கணுவோடு, நிணநீர் நாளங்களை முளைக்கத் தூண்டும் புரதமான நாள வளர்ச்சிக் காரணியையும் சேர்த்துக் கொடுத்தால்? ஃபின்லாந்தில் காரி அலிட்டலோவின் குழு 2007-ல் சுண்டெலிகளில் அதைச் செய்து, மாற்றிய கணு சுற்றுப்புற நாளங்களோடு அழகாக இணைவதைக் காட்டியது. பன்றிகளிலும் பலித்தது. அதே காரணியை மரபணு வழியாகக் கொடுக்கும் லிம்ஃபாக்டின் என்ற மருந்து, மார்பகப் புற்றுநோய்க்குப் பிந்தைய கை வீக்கத்துக்குப் பரிசோதிக்கப்பட்டது. 2021-ல் வந்த முடிவில், கணு மாற்று அறுவை மட்டும் செய்தவர்களைவிட மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் கூடுதல் பலன் என்று நிரூபிக்க முடியவில்லை. சுண்டெலியில் கணுவை எடுத்தது சோதனைக்குச் சற்று முன்பு. அந்தப் பெண்களின் கைகளிலோ நோய் நாள்பட்டது, கதிர்வீச்சுத் தழும்பும் நாரும் ஏறியது. இரண்டையும் ஒரே நோய் என்று எடுத்துக்கொண்டதில்தான் பிரச்சினை என்பது என் கருத்து.

முற்றிய கைகால்களின் பருமனை நம்பகமாகக் குறைக்கும் அறுவை என்றால் இன்று கொழுப்பு உறிஞ்சுதலைத்தான் சொல்ல வேண்டும். ஸ்வீடனின் மால்மோவில் ஹாக்கன் ப்ரோர்சன் அதை நிலைநாட்டினார். எந்த நாயிடமும் எலியிடமும் கேட்டு வந்ததல்ல அது. நோயாளியின் கையை அழுத்திப் பார்த்து, குழி விழவில்லை, ஆகவே உள்ளே இருப்பது நீரில்லை, கொழுப்பு என்று கண்டறிந்து செய்தது. அறுவைக்குப் பிறகு ஆயுள் முழுக்க அழுத்த உறை போட வேண்டும், விட்டால் வீக்கம் திரும்பும்.

இப்போது அந்த 1934-ஆம் ஆண்டு நாய்களின் குளிர் காய்ச்சலுக்கு வருவோம். காவிரி டெல்டாவில் யானைக்கால் உள்ள குடும்பங்களுக்கு இது நன்கு தெரிந்த காய்ச்சல்: தொடை இடுக்கில் நெறி கட்டும், நடுக்கம் எடுக்கும், கால் நெருப்பாகக் கொதிக்கும், இரண்டு நாளில் தணியும், ஒவ்வொரு முறையும் கால் இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கும். கொசு வழியே வரும் புழுதான் இதற்கும் காரணம் என்று நெடுங்காலம் எண்ணினார்கள். ஓல்ஷெவ்ஸ்கி போலந்திலிருந்து வந்து தஞ்சாவூர், புதுச்சேரி, சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஃபைலேரியா (அந்தப் புழுவால் வரும் யானைக்கால்) நோயாளிகளின் திசு நீரிலும் நிணநீரிலும் கணுக்களிலும் பாக்டீரியாக்கள் இருப்பதைக் காட்டினார். 1997-ல் அந்த ஆய்வு வெளியானது. நீண்ட நாள் செயல்படும் பென்சிலின் ஊசியைத் தொடர்ந்து போட்டால் காய்ச்சல் திரும்ப வருவது குறைகிறது என்ற ஆய்வு 2005-ல் வந்தது. புழு நாளத்தைக் கெடுத்து வாசலைத் திறந்துவிடுகிறது, அதற்குப் பிறகு காலைப் பெருக்க வைப்பதில் பெரும்பங்கு கால்விரலிடுக்குப் புண் வழியே நுழையும் பாக்டீரியாவுடையது. தினமும் சோப்பால் கழுவித் துடைத்து, விரலிடுக்கை உலர வைத்து, சேற்றுப்புண்ணுக்கு மருந்து போடச் சொல்வது இதனால்தான். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் 1980-களின் தொடக்கத்திலேயே ஃபைலேரியா கால்களுக்கு நிணநீர்–சிரை இணைப்பு அறுவைகள் செய்து முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். தொற்றைக் கட்டுப்படுத்தாத காலில் அந்த அறுவை நிலைக்காது.

மறைவுக் காலத்திலேயே குறுக்கிடும் முயற்சி இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது. அக்குளின் கணுக்களை எடுக்கும் அதே அறுவையின்போதே, துண்டிக்கப்பட்ட நாளங்களைப் பக்கத்துச் சிரையில் இணைத்துவிடுவது. இத்தாலியின் ஜெனோவாவில் இதைத் தொடங்கினார்கள். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து நடத்தும் சோதனையின் இடைக்கால முடிவு 2023-ல் வெளியானது. இரண்டு வருட முடிவில் இணைப்பு செய்யாத குழுவில் 32 சதவீதம் பேருக்கும், செய்த குழுவில் 9.5 சதவீதம் பேருக்கும் கை வீங்கியிருந்தது. ஆனால் இந்த நோய் பத்து வருடம் கழித்தும் வரக்கூடியது. அந்தப் பெண்களின் கைகளைத் தொடர்ந்து அளந்துகொண்டே வந்தால்தான், இணைப்பு வீக்கத்தைத் தடுத்ததா, தள்ளிப் போட்டதா என்று தெரியும்.